கடல்நீர்த் தொட்டியில் அம்மோனியா ஏறிவிட்டால் எந்த வழியை முதலில் எடுப்பது?

சோதனைக் குழாயில் மஞ்சளாக இருந்திருக்க வேண்டிய நீர் பச்சையாக நிற்கிறது. தொட்டிக்குள் மீன்கள் மேற்பரப்பை ஒட்டி நின்றுகொண்டு வேகவேகமாகச் செவுளை அடிக்கின்றன. இந்த நிலையில் இருப்பவருக்கு வழிகள் பல சொல்லப்படும்: தண்ணீரை மாற்றலாம், அம்மோனியாவைக் கட்டும் மருந்தை ஊற்றலாம், பாட்டிலில் வரும் பாக்டீரியாவைச் சேர்க்கலாம், ஜியோலைட் பையைத் தொங்கவிடலாம், மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றலாம், உணவை நிறுத்திவிட்டுக் காத்திருக்கலாம். இவை எல்லாம் ஒரே வேலையைச் செய்யும் மாற்று வழிகள் என்று எண்ணி, கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான இழப்புகள் தொடங்குகின்றன. சில வழிகள் நீரில் ஏற்கெனவே உள்ள அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. சில, அதன் நஞ்சை மட்டும் சில மணி நேரத்துக்குத் தணிக்கின்றன. சில, அது உண்டாகும் இடத்தை அடைக்கின்றன. இன்னும் சில, அதைத் தின்னும் நுண்ணுயிர்களைப் பெருக்குகின்றன. எது உங்களுக்கு வேண்டும் என்பது மூன்று கேள்விகளைப் பொறுத்தது: தொட்டியில் உயிர்கள் இருக்கின்றனவா, அளந்த அம்மோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு எவ்வளவு, அந்த அம்மோனியா எங்கிருந்து வருகிறது.

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் அவசரத்தின் அளவைத் தீர்மானிப்பது அதுதான். நீரில் அம்மோனியா இரண்டு உருவங்களில் இருக்கிறது. மின்னூட்டம் இல்லாத தனி அம்மோனியா செவுளின் சவ்வை எளிதாகக் கடந்து மீனின் இரத்தத்துக்குள் போய்விடும். மின்னூட்டம் பெற்ற அம்மோனியம் அவ்வளவு எளிதில் கடப்பதில்லை. பெரும்பாலான வீட்டு டெஸ்ட் கிட்கள் இவ்விரண்டின் கூட்டுத்தொகையையே காட்டுகின்றன. கூட்டுத்தொகையில் தனி அம்மோனியாவின் பங்கை நிர்ணயிப்பவற்றுள் முதன்மையானது பி.எச். (நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்); அடுத்தது வெப்பநிலை. 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், வழக்கமான உப்புச் செறிவுள்ள கடல்நீரில், பி.எச். 7.8 ஆக இருந்தால் தனி அம்மோனியா சுமார் 2 முதல் 3 சதவீதம், 8.2-இல் அது 5 முதல் 7 சதவீதம், 8.5-இல் 10 சதவீதத்துக்கும் மேல். பி.எச். 0.3 கூடினால் நஞ்சின் பங்கு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். நன்னீர்த் தொட்டி வைத்திருந்து கடல்நீருக்கு வந்தவர்கள் இங்கேதான் தவறிவிடுகிறார்கள். பி.எச். 7.0 உள்ள நன்னீரில் அந்தப் பங்கு அரை சதவீத அளவுதான். அங்கே மீன் தாங்கிக்கொண்ட அதே கிட் நிறத்தை இங்கே தாங்காது.

ஆகவே கிட் 2 மில்லிகிராம் என்று காட்டி, பி.எச். 8.2 ஆக இருந்தால், நீரில் தனி அம்மோனியா லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கிறது என்று பொருள். நீண்ட நாள் தாங்கக்கூடிய அளவாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 0.02 மில்லிகிராம். இது அன்றைக்கே செயல்பட வேண்டிய நிலை. மாறாக, கிட் 0.25 காட்டி, பி.எச். 8.0-ஐ ஒட்டி, மீன்கள் சாதாரணமாக நீந்தித் தீனி எடுத்துக்கொண்டிருந்தால், முதலில் செய்ய வேண்டியது மறு சோதனை. சாலிசிலேட் முறைக் கிட்கள் (மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறுபவை) கடல்நீரில் சுழியத்தின்போதும் லேசான பச்சைச் சாயலைக் காட்டுவதுண்டு. செயற்கை விளக்கொளியில் அதைப் படிப்பது இன்னும் கடினம். பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் முன்னே வைத்து, புதிதாகக் கலக்கிய உப்புநீரையும் அதே கிட்டால் சோதித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐயம் தீரும். அந்தப் புது நீரும் அதே பச்சையைக் காட்டினால், கிட்டின் இயல்பு அது அல்லது உங்கள் உப்பிலோ மூல நீரிலோ அம்மோனியா இருக்கிறது. இரண்டில் எதுவானாலும் நீரை மாற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திதான்.

இனி வழிகளைப் பார்ப்போம்.

நீர் மாற்றம்

உயிர்கள் துன்பப்படும் தொட்டியில் என் முதல் தேர்வு பெரும்பாலும் இதுதான். மற்ற எந்த வழியும் அம்மோனியாவைத் தொட்டியைவிட்டு உறுதியாக, கணக்கிட்டுச் சொல்லும் அளவில் வெளியேற்றுவதில்லை. அந்தக் கணக்கு எளிது. ஆனாலும் பலர் அதைப் போட்டுப் பார்ப்பதில்லை. 2 மில்லிகிராம் இருக்கும் தொட்டியில் பாதி நீரை மாற்றினால் 1 ஆகும். மறுபடியும் பாதியை மாற்றினால் 0.5 ஆகும். அதே நீரின் அளவை, பயந்துகொண்டு, நாளுக்குப் பத்துச் சதவீதமாகப் பிரித்து ஐந்து நாள் மாற்றினால் மிஞ்சுவது 1.18, அதுவும் அந்த ஐந்து நாளில் புதிதாக எதுவும் சேரவில்லை என்று வைத்துக்கொண்டால்தான். சிறு சிறு மாற்றங்கள் வழக்கமான பராமரிப்புக்கு உரியவை. அம்மோனியா ஏறிய நாளுக்கு அவை போதாது. 'பெரிய நீர் மாற்றம் மீனை அதிர்ச்சிக்கு உள்ளாக்கும்' என்ற எச்சரிக்கை, உப்புச் செறிவும் வெப்பநிலையும் பொருந்தாத நீரைக் குறித்தது. அவ்விரண்டும் பொருந்தினால் ஐம்பது சதவீத மாற்றத்தால் மீனுக்குக் கேடில்லை.

இந்த வழியின் குறை நேரம். கடல்நீர் குழாயைத் திறந்தால் வருவதில்லை. ஆர்.ஓ. வடிகட்டியின் நீரோ, டி.ஐ. என்னும் அயனி நீக்கி வழியாகச் சென்ற நீரோ சேர்த்து, உப்பைக் கலந்து, பம்ப் போட்டுச் சுழற்றி, ஹீட்டரால் வெப்பநிலையைக் கொண்டுவர வேண்டும். கையில் நீரே சேர்த்து வைக்காதவருக்கு இது அரை நாள் வேலையாகிவிடும். அவசரத்தில் இரவு முழுக்கக் காத்திருக்கத் தேவையில்லை. உப்பு முழுதும் கரைந்து, நீர் தெளிந்து, செறிவும் வெப்பமும் தொட்டியோடு ஒத்திருந்தால் பயன்படுத்தலாம். ஆனால் இரண்டு செய்திகளைச் சரிபார்க்க வேண்டும். முதலாவது, குழாய் நீரில் குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்து வரும் இடங்களில், தயோசல்பேட் வகைக் குளோரின் நீக்கி குளோரினை மட்டும் எடுத்துவிட்டு, அதனுடன் சேர்ந்திருந்த அம்மோனியாவை நீரிலேயே விட்டுவிடும். நஞ்சைக் குறைக்க ஊற்றும் நீரே நஞ்சைக் கொண்டுவரும். இரண்டாவது செய்தி பி.எச். பற்றியது: பல மாதம் ஓடிய தொட்டியின் நீர் 7.8-இல் இருக்க, நன்றாகக் காற்றூட்டிய புது நீர் 8.3-இல் இருக்கலாம். மாற்றத்துக்குப் பின் மொத்த அம்மோனியா பாதியானாலும் பி.எச். ஏறியதால் தனி அம்மோனியா எதிர்பார்த்த அளவுக்குக் குறையாது. சிறு மாற்றத்தில் இந்த ஆதாயமே அழிந்துபோகலாம். பெரிய மாற்றத்தைப் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதே வேதியியல் மீன் வரும் பையிலும் வேலை செய்கிறது என்பதை இங்கே சொல்லிவிடுவது பொருத்தம். நீண்ட பயணத்தில் மீன் விடும் கரியமில வாயு பையின் பி.எச்.-ஐக் கீழே இறக்கிவிடும். சேர்ந்த அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியமாகவே கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறத் தொடங்குகிறது. அந்தப் பை நீரிலேயே மீனை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைச் சேர்ப்பவர், பழக்குவதாக எண்ணி நஞ்சூட்டுகிறார். வெகு தூரம் வந்த மீனுக்கு வெப்பநிலையை மட்டும் சமப்படுத்தி, பை நீரின் உப்புச் செறிவுக்கு ஏற்ப முன்பே அமைத்து வைத்த தொட்டிக்கு விரைவாக மாற்றுவதே பாதுகாப்பு.

மூலத்தை அடைத்தல்

நீர் மாற்றத்தை முதல் தேர்வு என்றேன். ஆனால் உப்பு கரையும் நேரத்தில் கை சும்மா இருக்கக் கூடாது. ஒரு கணக்கைப் பாருங்கள். புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 சதவீதம் நைட்ரஜன். 45 சதவீதம் புரதமுள்ள உலர் உணவு ஒரு கிராம், தின்னப்படாமல் மணலில் முழுதும் அழுகினால், 72 மில்லிகிராம் நைட்ரஜன், அதாவது சுமார் 87 மில்லிகிராம் அம்மோனியா. 200 லிட்டர் தொட்டியில் அது லிட்டருக்கு 0.4 மில்லிகிராமைத் தாண்டும். 20 கிராம் எடையுள்ள ஒரு மீன் பாறைக்குப் பின்னால் செத்துக் கிடந்து, அதன் உடலில் ஆறில் ஒரு பங்கு புரதம் என்று கொண்டால், அந்தத் தொட்டியில் அதனால் மட்டுமே லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் அம்மோனியா உண்டாக முடியும். பாதி நீரை மாற்றிவிட்டு அந்த மீனை உள்ளேயே விட்டால், நாளை மறுநாள் கிட் மீண்டும் பழைய நிறத்துக்கே வந்து நிற்கும்.

ஆகவே முதல் பத்து நிமிடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும்: எத்தனை மீன், எத்தனை நத்தை, அனிமோன் எங்கே, கடல் வெள்ளரி இருந்தால் அது அசைகிறதா. காணாமல் போன நத்தை கிடைத்தால் மோந்து பாருங்கள். செத்த நத்தையின் நாற்றம் ஐயத்துக்கு இடமளிக்காது. நீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டி, நீரோட்டம் தரும் பவர்ஹெட்டின் பின்புறம், சம்ப்பில் (கீழேயுள்ள துணைத் தொட்டியில்) ஃபில்டர் சாக் என்னும் வடிகட்டும் துணிப்பையின் அடி ஆகியவை மறக்கப்படும் இடங்கள். சில மணி நேரம் மின்சாரம் நின்ற பின் அம்மோனியா ஏறியிருந்தால் கேனிஸ்டர் ஃபில்டரை முதலில் ஐயப்பட வேண்டும்; மூடிய கலத்துக்குள் ஓட்டமில்லாத நீரில் ஆக்ஸிஜன் தீர்ந்து பாக்டீரியா செத்திருக்கும், அதை அப்படியே இயக்கினால் உள்ளே அழுகியதெல்லாம் தொட்டிக்கு வரும். திறந்து, தேங்கிய நீரைக் கொட்டிவிட்டு, ஊடகத்தைக் கடல்நீரில் அலசிய பிறகே இயக்க வேண்டும்.

தேடும்போது மணல் படுகையை ஆழமாகக் கிளறக் கூடாது. பல மாதம் அசையாத படுகையில் அடங்கிக் கிடக்கும் கழிவு வெளிப்பட்டால் நிலைமை மோசமாகும்.

உணவை நிறுத்துவதும் மூலத்தை அடைப்பதே. வளர்ந்த, உடல் தேறிய மீன்கள் இரண்டு மூன்று நாள் உணவின்றி இருப்பதால் கேடில்லை. ஆனால் ஆந்தியாஸ், மாண்டரின், கடல்குதிரை போன்றவை அடிக்கடி தின்று வாழ்பவை. இவை இருக்கும் தொட்டியில் உணவை அறவே நிறுத்தாமல், மிகச் சிறிதளவில், கண்முன் தின்று முடிக்கும்படி கொடுக்க வேண்டும். உணவை நிறுத்தினாலும் மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டேதான் இருக்கும். ஏறும் வேகம் குறையுமே ஒழிய, இருப்பது இறங்காது. எனவே இதைத் தனி வழியாக எண்ணக் கூடாது. வேறு எதைத் தேர்ந்தாலும் அதனுடன் சேர்க்க வேண்டிய நடவடிக்கை இது.

அம்மோனியாவைக் கட்டும் மருந்துகள்

ஃபார்மால்டிஹைடும் பைசல்பைட்டும் இணைந்த சேர்மத்தை அடிப்படையாகக் கொண்ட மருந்துகள், தனி அம்மோனியாவுடன் வினைபுரிந்து நஞ்சு குறைந்த வேறொரு சேர்மமாக அதை மாற்றுகின்றன. உப்புநீர் கலக்க ஆகும் அந்த அரை நாளைத் தாண்ட இவை பாலமாக உதவும். இரவில் கண்டுபிடித்து, நீர் இல்லாமல் நிற்பவருக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் பாலத்தின் மேல் வீடு கட்டக் கூடாது. அம்மோனியா தொட்டியைவிட்டு எங்கும் போய்விடவில்லை, மூலமும் அடைபடவில்லை.

மேலும், இவ்வகையில் விற்கப்படும் எல்லாப் பொருட்களின் உட்கூறும் வெளிப்படையாக அறிவிக்கப்படுவதில்லை. பரவலாகப் பயன்படும் சில பொருட்கள் கடல்நீரில் தனி அம்மோனியாவை உண்மையிலேயே குறைக்கின்றனவா என்பதில் வளர்ப்போரிடையே நீண்ட கருத்து வேறுபாடு இருக்கிறது. உட்கூறு தெரிந்த பொருளையே நம்புவது என் நிலைப்பாடு. அளவு மீறி ஊற்றினால் இவை நீரின் ஆக்ஸிஜனையும் குறைக்கக்கூடும் என்பதால் ஏர் ஸ்டோன் ஓட வேண்டும். மருந்து ஊற்றிய பின் கிட்டின் பேச்சையும் அப்படியே ஏற்க முடியாது: நெஸ்லர் முறைக் கிட்கள் (வேறொரு வகைச் சோதனை) இவற்றுடன் பொய் அளவைக் காட்டும், சாலிசிலேட் முறையில் சில மருந்துகள் கட்டிய அம்மோனியாவும் கணக்கில் சேர்ந்துவிடும். தனி அம்மோனியாவை மட்டும் நிறம் மாறிக் காட்டும், தொட்டிக்குள் ஒட்டிவைக்கும் வில்லை ஒன்று இருந்தால் இந்த நேரத்தில் அதுவே பயன்படும்.

பாட்டில் பாக்டீரியாவும் ஓடும் தொட்டியின் பாறையும்

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்களே நிலையான தீர்வு என்பதில் இரண்டு கருத்தில்லை. கேள்வி வேகத்தைப் பற்றியது. இவை ஒரு தடவை இரட்டிப்பாகவே அரை நாளிலிருந்து ஒரு நாள்வரை எடுத்துக்கொள்பவை. வெறும் தொட்டியில் தாமாகப் பெருகி முடிக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பாட்டிலில் வருபவை அந்தக் காலத்தைக் கணிசமாகச் சுருக்கலாம், அவை உயிரோடு வந்திருந்தால். நைட்ரஜன் மாற்றும் இந்தப் பாக்டீரியா விதையுறை கட்டி உறங்குபவை அல்ல; கடும் வெப்பமும் உறைகுளிரும் அவற்றைக் கொன்றுவிடும், மாதங்கள் செல்லச் செல்ல எண்ணிக்கை குறையும். அலமாரியில் எத்தனை காலமும் கெடாது என்று விற்கப்படும் பாட்டில்களில் பெரும்பாலும் இருப்பவை பேசில்லஸ் போன்ற வேறு இனங்கள்; அவை கழிவை மட்கச் செய்யும், அதனால் அம்மோனியா கூடவும் கூடும். எனவே உறையில் காலாவதி நாளையும், கடல்நீருக்குரியதா என்பதையும் பார்த்தே வாங்க வேண்டும். நன்னீருக்குரிய பாக்டீரியா கடல்நீரில் உடனடியாக வேலை செய்யாது. ஊற்றிய பின் ஓரிரு நாள் நுண்ணுயிர்களைக் கொல்லும் யு.வி. விளக்கையும், கழிவை நுரையாக எடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரையும் நிறுத்தி வைக்கலாம். ஸ்கிம்மர் நின்றால் காற்றூட்டத்துக்கு வேறு ஏற்பாடு கட்டாயம்.

காற்றூட்டத்தை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒரு மில்லிகிராம் அம்மோனிய நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 4.57 மில்லிகிராம் ஆக்ஸிஜன் செலவாகிறது. 25 டிகிரியில் கடல்நீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்ஸிஜனே லிட்டருக்கு 7 மில்லிகிராமுக்குக் கீழ்தான். அதாவது 2 மில்லிகிராமை மாற்றி முடிக்க, நீரில் உள்ள முழு ஆக்ஸிஜனும் போதாது. காற்றிலிருந்து தொடர்ந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். ஏற்கெனவே செவுள் புண்பட்டு மூச்சுக்குத் தவிக்கும் மீனுக்கும் அதே காற்றே வேண்டியிருக்கிறது.

பாட்டிலைவிட நான் மேலாகக் கருதுவது, பல மாதம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மற்றொரு கடல்நீர்த் தொட்டியிலிருந்து எடுத்து, ஈரம் உலராமல் கொண்டுவரப்பட்ட லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியேறிய பாறை) அல்லது ஸ்பாஞ்ச். அதில் இருப்பவை உயிருடன் இருக்கின்றன என்பதற்கு அந்தத் தொட்டியே சாட்சி. 2005-இல் அமெரிக்காவின் சியாட்டில் கடலுயிரினக் காட்சியகத்தின் தொட்டி ஒன்றிலிருந்து, நைட்ரோசோபுமிலஸ் மாரிடிமஸ் என்ற நுண்ணுயிர் தனித்துப் பிரிக்கப்பட்டது. அம்மோனியாவை ஆக்ஸிஜனேற்றம் செய்து வாழும் ஆர்க்கியா (பாக்டீரியாவிலிருந்து வேறான நுண்ணுயிர்க் குலம்) வகை முதன்முதலாக வளர்ப்புக்கு வந்தது அப்போதுதான். பாக்டீரியாவுக்கு எட்டாத அளவுக்குக் குறைந்த செறிவிலும் அது அம்மோனியாவை எடுத்துக்கொள்ளும். நூறாண்டுக்கும் மேலாகப் பாக்டீரியாவின் வேலை என்று மட்டுமே எண்ணப்பட்டு வந்த ஒன்றில் இப்படி ஒரு பங்காளி இருந்தது, ஒரு மீன்தொட்டியின் சரளையிலிருந்து தெரியவந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. ஓடும் தொட்டியின் பாறையில் வாழும் கூட்டம் எந்தப் பாட்டிலிலும் முழுதாக அடைபடுவதில்லை.

அந்தப் பாறையின் ஆபத்து, அதனுடன் வரும் நோய். கிரிப்டோகேரியான், அமைலோடினியம் போன்ற ஒட்டுண்ணிகளின் உறைநிலை பாறையில் ஒட்டிக்கொண்டு வரும். மீனில்லாத தொட்டியிலிருந்து எடுத்ததானால் அச்சம் குறைவு. மேலும், புதிதாகக் கடலிலிருந்து எடுத்துப் பெட்டியில் அடைத்து வந்த பாறையை இந்த வேலைக்கு எடுக்கக் கூடாது. அதன் மேலுள்ள கடற்பஞ்சும் புழுக்களும் செத்து அழுகி, அம்மோனியாவை இன்னும் ஏற்றும்.

தேர்ந்தெடுக்கக் கூடாதவை

ஜியோலைட்டைப் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் தொடக்க காலத்தில் ஒரு கடையில் கொடுத்த அறிவுரையை ஏற்று, இரண்டு நாள் ஜியோலைட் பையை நம்பியிருந்து ஒரு கோமாளி மீனை இழந்தேன். ஜியோலைட் தன்னிடமுள்ள சோடியத்தைக் கொடுத்து அம்மோனியத்தை எடுத்துக்கொள்ளும். நன்னீரில் அது நன்றாகவே வேலை செய்யும். கடல்நீரிலோ லிட்டருக்குப் பத்தாயிரம் மில்லிகிராமுக்கும் மேல் சோடியம் இருக்கிறது. அத்தனை சோடியத்துக்கு நடுவே ஓரிரண்டு மில்லிகிராம் அம்மோனியத்துக்கு இடம் கிடைப்பது அரிது. நன்னீரில் நிரம்பிப்போன ஜியோலைட்டைப் புதுப்பிக்க அதை உப்புநீரில்தான் ஊறவைக்கிறார்கள் என்பதை அன்று அறிந்திருந்தால், அந்த இரண்டு நாளை நீர் கலக்கப் பயன்படுத்தியிருப்பேன். நன்னீர்த் தொட்டியில் பயன்படுத்திய ஜியோலைட்டைக் கடல்நீரில் போட்டால், பிடித்து வைத்ததை விட்டுவிடவும் செய்யும்.

ஆக்டிவேட்டட் கார்பன் அம்மோனியாவை எடுப்பதில்லை. ஸ்கிம்மரும் அப்படியே, ஆனால் அது புரதங்களை, அவை அம்மோனியாவாக உடையும் முன்னரே நுரையாக வெளியேற்றுவதாலும் காற்றைக் கலப்பதாலும் ஓடவிடத் தக்கது.

பி.எச்.-ஐக் குறைத்துத் தனி அம்மோனியாவை அம்மோனியமாக்கிவிடலாமே என்ற எண்ணம் மேலே சொன்ன சதவீதங்களைப் பார்த்ததும் எவருக்கும் எழும். கணக்கு சரிதான், செயல் தவறு. அமிலம் ஊற்றினால் ஆல்கலினிட்டி (அமிலத்தைத் தாங்கும் நீரின் திறன்) கரைந்து, உண்டாகும் கரியமில வாயு காற்றோட்டத்தில் வெளியேறியதும் பி.எச். பெருமளவு பழைய இடத்துக்கே திரும்பும். இந்த ஏற்ற இறக்கத்தை நலிந்த மீனும் பவளமும் தாங்க வேண்டியிருக்கும். ஆனால் இந்த அறிவுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பயன் உண்டு: அம்மோனியா இறங்கும்வரை பி.எச்.-ஐ உயர்த்தும் எதையும், குறிப்பாகச் சுண்ணாம்பு நீரை, தொட்டியில் சேர்க்காதீர்கள்.

மீன்களை வெளியே எடுப்பது

தொட்டியில் அம்மோனியாவை அன்றைக்குள் இறக்கவே முடியாது என்னும் நிலை சில உண்டு: பெரிய அனிமோன் பவர்ஹெட்டில் சிக்கிச் சிதைந்திருக்கும், அல்லது பாறை முழுதும் அழுகத் தொடங்கியிருக்கும். அங்கே மீன்களைப் புது நீருள்ள தொட்டிக்கு மாற்றுவதே முதல் வழியாகிவிடும். மற்ற நேரங்களில் இதை நான் பின்னுக்குத் தள்ளுவேன். மீனைப் பிடிக்கப் பாறையைக் கலைக்க வேண்டும், துரத்த வேண்டும். ஏற்கெனவே மூச்சுத் திணறும் மீனுக்கு அதுவே கடைசி ஓட்டமாகிவிடலாம். போய்ச் சேரும் இடத்திலும் பாக்டீரியா கிடையாது. சிறு தொட்டியானால் இரண்டு நாளில் அங்கேயும் அதே நிறம் வரும். நாள்தோறும் நீர் மாற்றும் வேலை இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

காத்திருத்தல் சரியாகும் இடம்

மீனோ பவளமோ எதுவும் இல்லாமல், புதிதாக அமைத்துச் சைக்கிளிங் (பாக்டீரியாவைப் பெருக்கித் தொட்டியைப் பழக்குவது) நடந்துகொண்டிருக்கும் தொட்டியில் அம்மோனியா 2 காட்டினால், மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். அங்கே அம்மோனியா பாக்டீரியாவுக்கு உணவு. நீரை மாற்றுவதும் மருந்து ஊற்றுவதும் வேலையை நீட்டிக்கும். மிக உயர்ந்த செறிவு, 5 மில்லிகிராமுக்கு மேல், பாக்டீரியாவையே தடுக்கும் என்பதால் அந்நிலையில் மட்டும் ஓரளவு நீரை மாற்றலாம். அம்மோனியா இறங்கியதும் நைட்ரைட் ஏறும். இதைக் கண்டு கடல்நீர் வளர்ப்போர் அஞ்சத் தேவையில்லை. நைட்ரைட் செவுளுக்குள் நுழையும் வழியில் குளோரைடும் போட்டியிடுகிறது. கடல்நீரில் லிட்டருக்கு 19,000 மில்லிகிராமைச் சுற்றிக் குளோரைடு இருப்பதால், நன்னீரில் மீனைக் கொல்லும் நைட்ரைட் அளவு இங்கே அந்த வேலையைச் செய்வதில்லை.

குவாரன்டைன் தொட்டி

மீனைத் தனியே வைத்துச் சிகிச்சை தரும் தொட்டி இது. ஒப்பீட்டில் இதற்குத் தனி இடம் வேண்டும், ஏனென்றால் முக்கியத் தொட்டிக்குச் சரியான விடை இங்கே ஆபத்தாகிவிடலாம். இங்கே பாறையும் மணலும் இல்லை. நீரின் அளவு குறைவு. தாமிர மருந்தோ ஆன்டிபயாட்டிக்கோ நீரில் இருக்கும். ஆன்டிபயாட்டிக் நைட்ரஜன் மாற்றும் பாக்டீரியாவையும் தாக்கலாம். தாமிரம் உள்ள நீரில் அம்மோனியா கட்டும் மருந்தை ஊற்றுவது கூடாது: அம்மருந்துகள் ஒடுக்கும் தன்மையுடையவை ஆதலால், தாமிரத்தை மீனுக்கு மேலும் நஞ்சான வடிவத்துக்கு மாற்றிவிடக்கூடும். பாலமாக உதவும் என்று முன்னே சொன்ன வழி இங்கே அடைபட்டுவிடுகிறது. லைவ் ராக்கும் கூடாது. அது தாமிரத்தை உறிஞ்சிச் சிகிச்சையைக் கெடுக்கும், அதன் மேலுள்ள உயிர்களும் செத்து அழுகும். மிஞ்சுவது நீர் மாற்றமும், புது நீரில் அதே அளவுக்குத் தாமிரத்தை முன்கூட்டியே கலந்து, கிட்டால் அளந்து ஊற்றும் பொறுமையும்தான். ஆகவே குவாரன்டைன் நடக்கும் வாரங்களில் தொட்டியின் பாதி அளவுக்குக் கலந்த உப்புநீரை எப்போதும் தயாராக வைத்திருக்கிறேன்.

உயிர்கள் இருக்கும் தொட்டியில் முதல் நீர் மாற்றத்துக்குப் பின் ஆறு மணி நேரம் கழித்தும், அதன் பின் காலை மாலை இரு வேளையும் அளந்து எழுதி வையுங்கள். மருந்து ஊற்றியிருந்தால் எந்த நேரத்தில், எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மூலம் அடைபட்டிருந்தால் ஒவ்வொரு அளவும் முந்தையதைவிடக் கீழே இருக்கும். மாற்றிய சில மணி நேரத்தில் மீண்டும் ஏறினால் தேடல் முடியவில்லை என்று பொருள். பாறையை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்க வேண்டிய நேரம் அது. தொடர்ந்து மூன்று நாள் சுழியம் காட்டிய பிறகு உணவை வழக்கத்தில் கால் பங்கிலிருந்து தொடங்கலாம். அன்றைக்கே ஒரு புது ஸ்பாஞ்சையும் சம்ப்பின் ஓட்டத்தில் போட்டு வையுங்கள். நான்கு வாரத்தில் அதில் குடியேறும் நுண்ணுயிர்கள், அடுத்த முறை குவாரன்டைன் தொட்டியில் தண்ணீர் நிரப்பும் நாளில் அதற்கு ஆயத்தமாக இருக்கும்.